மதுக்கடைச் சுவரில் ஒரு முகம்

பகேரியா ரயிலுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கிறது. இத்தாலியின் பாலெர்மோ நிலையத்துக்கு எதிரே உள்ள சிறிய மதுக்கடையில், முதலாளிக் கிழவர் தூரிகையோடு தடுமாறுகிறார். பழைய உரோமர்களின் மதுக்கடைச் சுவரில் இருந்த படம் ஒன்றைப் பார்த்து, தன் சுவரிலும் தீட்டி வைத்திருக்கிறார். படத்தில் இரண்டு ஆண்கள் ஒரே கிண்ணத்துக்குக் கை நீட்டுகிறார்கள். குடத்தோடு வரும் பணிப்பெண்ணின் முகம் மட்டும் ஈரத்தில் உரிந்துவிட்டது.

யாரிடமும் வலியப் பேசாதவன் நான். ஆனால் யாழ்ப்பாணத்தில் இருபது வருடம் கடைப் பலகை எழுதிய கை இது. தூரிகைக்காக நீட்டுகிறேன். அவரும் தந்துவிடுகிறார். பிறகு, கோப்பை கழுவும் மன்னார்ப் பெண் ரொசலினைக் காட்டி ஏதோ சொல்கிறார்.

"என்ர முகத்தைக் கீறச் சொல்லுறார். வேண்டாம் அண்ணை. இஞ்சை இருக்க எனக்கு இன்னும் பெர்மெஸ்ஸோ கிடைக்கேல்லை. பொலிஸ்காரர் இந்தக் கடைக்குத்தான் கோப்பி குடிக்க வாறவை."

"பயப்பிடாதேங்கோ தங்கச்சி."

பணிப்பெண்ணின் முகத்தை அந்த ஆண்கள் பக்கம் திருப்பிவிட்டு, தலையின் பின்புறத்தை வரைகிறேன். ரொசலினின் நீளப் பின்னலை ஒரே இழுப்பில் இறக்குகிறேன். கிழவர் சிரிக்கிறார். ரொசலின் ஈரக் கையால் தன் பின்னலைத் தொட்டுப் பார்க்கிறாள்.

"பெர்மெஸ்ஸோ வந்தாப் பிறகு ஒருக்கா வாங்கோ அண்ணை," என்கிறாள். "அப்ப என்னை இஞ்சால திருப்பிவிடலாம்."