ஆள் இருக்கிற மேசை

பருப்புக் கை

நான் பருப்பு ஊற்றிக்கொண்டிருந்தபோதே ஆமிக்காரர் இருவர் துப்பாக்கியோடு உள்ளே வந்து அடையாள அட்டையைக் கேட்டார்கள். மத்தியானச் சோறு பரிமாறிப் பிழைத்தவர்களே, உங்களுக்குத் தெரியும்: அந்த நேரத்தில் கடையில் ஒருவருடைய வலது கையும் சுத்தமாக இருக்காது. கொட்டாஞ்சேனையில் எங்கள் டீ ரூமில் அன்று எல்லோரும் இடது கையால் சட்டைப் பையைத் துழாவினார்கள். மூலை மேசையில் தினமும் சாப்பிடும் தங்கராசா, கப்பல் கம்பனி கிளார்க், அட்டையை நீட்டிச் சிங்களத்தில் மரியாதையாகச் சொன்னார்: "இடது கையால தாறன், குறை நினைக்காதீங்கோ மாத்தயா. மற்றதில பருப்பு."

முதலாளியின் சட்டம்

கடை நிஸாம் நானாவுடையது. மேசையிலிருந்து எழும்பினவரின் சாப்பாட்டுப் பீங்கானை உடனே எடுத்து மேசையைத் துடைக்க வேண்டும் என்பது அவர் சட்டம். சாப்பிட்டவர்கள் காற்று வாங்கிக்கொண்டு கதைக்கத் தொடங்கிவிடுவார்கள் என்று மத்தியானத்தில் மூலை விசிறியையும் நிறுத்திவிடுவார்.

ஒருநாள் ஆமி எல்லோரையும் வெளியே கூப்பிட்டு வரிசையில் நிறுத்தியது. நானா கண்ணைக் காட்ட, பீங்கான்களை எடுத்தோம். துறைமுகத்தில் வேலை செய்யும் அருளப்பு அண்ணை மீன் துண்டைக் கடைசிக்கென்று ஒதுக்கி வைத்திருந்தவர். திரும்பி வந்து துடைத்த மேசையைப் பார்த்தார். "ஆமி என்னை எழுப்பினதோட சரி, தம்பி. மீனைக் கொண்டு போனது நீங்கள்."

மூலை மேசை

அதன் பிறகு ஆமி வந்தால், ஒவ்வொரு சாப்பாட்டையும் இன்னொரு பீங்கானைக் கவிழ்த்து மூடி வைத்தேன். நானா முணுமுணுத்தார். நான் விடவில்லை.

அப்படியொரு நாள் வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பி வந்தார்கள், தங்கராசாவைத் தவிர. அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று கண்டு, விசாரிக்கவென்று டிரக்கில் ஏற்றிவிட்டார்கள். வாசலில் ஆட்கள் இடத்துக்குக் காத்து நின்றார்கள்.

"அந்த மேசைய தொடச்சிடுங்க," என்றார் நானா. "போனவரு இன்னைக்கி வாற மாதிரி இல்ல."

"அவர் எழும்பேல்லை, நானா. எழுப்பினவங்கள்."

"எவ்வளவு நேரத்துக்கு மூடி வெக்கப் போறீங்க?"

"அவர் வரட்டும். வந்த பிறகு எடுப்பம்."

அருளப்பு அண்ணை ஒதுங்கி இருந்து, வாசலில் நின்ற இருவரைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார். "இங்க வாங்கோ. அது ஆள் இருக்கிற மேசை."

கூட்டம் கலைந்தது. நானா கவுண்டருக்குப் போய்க் காசை எண்ணத் தொடங்கினார். நான் துணியோடு அந்தப் பக்கம் போகவில்லை.

பொழுதுபடுகிற நேரம் தங்கராசா வந்தார். சட்டையில் பொத்தான்கள் இல்லை. ஒரு செருப்பும் இல்லை. நேரே போய்த் தன் கதிரையில் இருந்து, மேல் பீங்கானைத் தூக்கிப் பார்த்தார்.

"பருப்பு காய்ஞ்சு போச்சு, தம்பி."

நான் குசினிக்குப் போய்ச் சுடுசோறும் பருப்பும் கொண்டு வந்தேன். எங்கள் தொழிலில், சாப்பாடு முடிந்ததா என்பதைச் சாப்பிடுகிறவர்தான் சொல்ல வேண்டும்.

நானா கவுண்டரிலிருந்து இறங்கி வந்து, மத்தியானம் நிறுத்திய மூலை விசிறியைப் போட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.