கூர் ஆஸ்பத்திரியில் மச்சான் கையில் என் பெயர்

சென்ற செப்டெம்பர் கடைசி வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, நான் இருக்கும் ரெனானில் இருந்து, நாட்டின் மறுகோடியில் இருக்கும் கூர் நகரத்துக்குப் புறப்பட்டோம். நானும் யோகனும். யோகன் என் மனைவியின் தம்பி, அமெரிக்காவில் நியூ ஜெர்சிக்காரன். என் மனைவி காலமாகி ஆறு வருடம். அவளுக்குக் கூடப்பிறந்தது இவன் ஒருவன்தான். பதினொரு வருடத்துக்குப் பிறகு இரண்டு கிழமை லீவு என்று சொல்லி வந்திருந்தான். கூரில் இருக்கும் என் மகள் வாசுகியைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து அரோசா மலைக்குப் போகும் சின்ன ரயிலிலும் ஏறுவது திட்டம். அரோசாவைப் பற்றி அறிய இந்தக் கட்டுரைக்கு வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். நாங்கள் அங்கே போகவே இல்லை.

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் குரலில் சொல்லி அனுப்ப, வாசுகி தட்டுகிறாள். ஆனால் நேரமும் காசும் எனக்கு மறக்காது. ஆகவே எண்களை நம்பலாம்.

முன்கூட்டியே வாங்கிய நாள் டிக்கெட். அரைக்கட்டண அட்டை வைத்திருக்கும் எனக்கு 39 பிராங், அது இல்லாத யோகனுக்கு 69. ரெனானில் காலை 7.03க்கு உள்ளூர் ரயில், லோசானுக்கு ஐந்து நிமிடம். லோசானில் 7.20க்குச் சூரிச் ரயில். வலப்பக்கம் இருங்கள். சுரங்கம் வரும்வரை ஏரியும் திராட்சைத் தோட்டங்களும் காலுக்குக் கீழே கிடக்கும். பிறகு சூரிச் வரை தூங்கலாம்.

நாங்கள் தூங்கவில்லை. சண்டை பிடித்தோம்.

அன்று காலை வானொலியில் அடுத்த வருடத்துக்கான மருத்துவக் காப்புறுதிக் கட்டணம் இன்னும் ஏறப்போகிறது என்று சொன்னார்கள். இந்த நாட்டில் ஒவ்வொரு செப்டெம்பரும் வரும் செய்திதான். நான் ரயிலில் அதை முணுமுணுத்தேன். யோகனுக்கு அதுவே போதுமாக இருந்தது.

"மாசம் எவ்வளவு கட்டுறீங்க அத்தான்?"

"ஐந்நூற்று அறுபது."

"அதைக் கட்டியும் வருசத்தில முதல் முந்நூறு உங்கட கையாலதான். வாசல்ல காவல்காரனுக்குச் சம்பளமும் குடுத்து, பிறகு நீங்களே தடியோட காவல் நிக்கிற மாதிரிக் கிடக்கு."

"உங்கட அமெரிக்காவில வேலை போனா காவல்காரனும் கூடவே போயிடுவானாமே."

"ஆர் சொன்னது? என்ர பெடியன்தான் உங்களுக்குச் சொல்லியிருப்பான். எல்லாரையும் அரசாங்கமே பாக்கோணும், சட்டத்தை மாத்தோணும் எண்டு அங்க கொடி பிடிக்கிறான். அரசாங்கம் கை வச்சா வரிசையில நிண்டே சாகோணும். எங்கட டொக்டர்மார் உலகத்திலேயே திறம். அதுக்குத்தான் காசு."

"திறமான டொக்டர் உள்ளுக்க இருந்து என்ன, வாசலைத் தாண்டக் காசில்லாதவனுக்கு? இஞ்ச டொக்டரைப் பற்றிப் பெருமையில்லை, காப்புறுதி எல்லாருக்கும் கட்டாயம். நேற்றுத்தான் அகதியாய் வந்து இறங்கினவனுக்கும் ஒரு அட்டை இருக்கு."

"அந்த அட்டைக்கும் சேர்த்துத்தான் நீங்க ஐந்நூற்று அறுபது கட்டுறீங்க!"

அவன் குரல் ஏறிவிட்டது. முன்னிருக்கைப் பெண் திரும்பிப் பார்த்தாள். இந்த நாட்டு ரயிலில் திரும்பிப் பார்த்தால் அது பெரிய கண்டனம். நான் வாயை மூடினேன். அவன் மூடவில்லை. தன் மனைவிக்கு அங்கே செய்த சத்திரசிகிச்சையை, அதைச் செய்த டொக்டரின் கைப்பக்குவத்தை, பேர்ண் தாண்டியும் சொல்லிக்கொண்டு வந்தான். அதில் பொய்யில்லை. அவள் இன்று ஓடியாடித் திரிகிறாள்.

சூரிச்சில் 9.28க்கு இறங்கினோம். கூர் ரயில் 9.38க்கு. பத்து நிமிடம் நடக்கப் போதும். யோகன் இரண்டு தரம் நின்றான். "என்ன மச்சான், அமெரிக்காவில காரை விட்டு இறங்கிறதே இல்லையோ?" என்று நான் சீண்டினேன். அவன் சிரிக்கவில்லை. பதில் சண்டைக்கும் வரவில்லை. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இந்த ரயிலில் இடப்பக்கம் இருக்க வேண்டும். முதலில் சூரிச் ஏரி, பிறகு வாலன் ஏரி. அதன் அக்கரையில் மலை சுவர் மாதிரி நேராகத் தண்ணீரில் இருந்து எழும்பும். நான் அதைக் காட்டத் திரும்பினேன். யோகன் மலையைப் பார்க்கவில்லை. இடது தாடையைத் தடவிக்கொண்டிருந்தான். நெற்றி முழுக்க வியர்வை.

"பல்லு நோவோ?"

"ஒண்டுமில்லை. வாய்வு."

சார்கான்ஸ் வரும்போது கையை நெஞ்சில் வைத்தான். முகம் சாம்பல் நிறம். நான் கைபேசியை எடுத்தேன். 144தான் ஆம்புலன்ஸ் எண். அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான். அந்தப் பிடியின் அடையாளம் நான்கு நாள் கையில் இருந்தது.

"வேணாம் அத்தான். ஆம்புலன்ஸ் எண்டா என்ன காசு தெரியுமோ?"

"இஞ்ச அவ்வளவு வராதடா."

"எனக்கு வரும். என்னட்ட ஒண்டுமில்லை."

அப்போதுதான் சொன்னான். ஜனவரியில் வேலை போய்விட்டது. வேலையோடு காப்புறுதியும் போய்விட்டது. தானே வாங்கிய ஒன்று இருக்கிறதாம். ஆனால் முதல் பல ஆயிரம் டொலர் தன் கையால் கட்டி முடியும்வரை அது கண் திறக்காதாம், கடல் தாண்டியும் வராதாம். பயணக் காப்புறுதி எடுக்கவில்லை. இரண்டு மணிநேரம் என்னோடு வாதாடியவன் இதைத்தான் உள்ளே வைத்துக்கொண்டு வாதாடியிருக்கிறான்.

கூருக்கு 10.52. வாசுகியை அழைத்தேன். அவளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. பணிநேரத்தில் கைபேசி அலுமாரியில் பூட்டிக் கிடக்கும், இரண்டு மணிக்குத்தான் எடுப்பாள். ஆகவே நானும் அவனும் மட்டும்தான்.

இனிச் சொல்வது நான் செய்த பிழை. மறைத்தால் இந்தக் கட்டுரையால் ஒருவருக்கும் பயனில்லை.

இந்த நாட்டுக்கு நான் வந்த புதிதில் அகதிகள் விடுதியில் நாங்கள் நான்கு பேருக்குக் குளிர்ச்சட்டை இரண்டுதான். யாருக்கு விசாரணையோ அவன் போட்டுக்கொண்டு போவான். பஸ் பாஸும் அப்படித்தான், கைமாறிக் கைமாறிப் போகும். இல்லாதவனுக்கு இருக்கிறவன் கொடுப்பது எங்களுக்குள் கேள்வியில்லாத பழக்கம். அந்தக் கை இன்னும் அப்படியே இருக்கிறது. நிலைய வாசலில் வாடகைக்காருக்குப் பக்கத்தில் வைத்து என் காப்புறுதி அட்டையை எடுத்தேன்.

"இதில படமில்லை. என்ர பேரில போ. நீ வாய் திறக்காத, நான் கதைக்கிறன்."

"அத்தான், உங்களுக்கு அறுபத்தெட்டு."

"இப்ப உன்ர மூஞ்சைப் பாத்தா எழுபத்தைஞ்சு சொல்லுவாங்கள். ஏறு."

ஓட்டுநர் ஒரு கொசோவோக்காரர். கண்ணாடியில் யோகனைப் பார்த்தார். "இவரை நான் ஏற்றக்கூடாது. ஆம்புலன்ஸ்தான் ஏற்ற வேண்டும்" என்று ஜெர்மனில் சொன்னார். சொல்லிக்கொண்டே வண்டியை எடுத்துவிட்டார். ஆஸ்பத்திரி மேட்டில் இருக்கிறது, இரண்டு கிலோமீட்டர் வராது. மீட்டரில் 17 பிராங். இருபதைக் கொடுத்தேன். மிச்சத்தை வாங்க அவர் என்னை நிற்கவிடவில்லை. "ஓடு" என்றார்.

கூரில் பதினெட்டு வருடம் ஹோட்டல் சமையலறையில் கோப்பை கழுவியவன் நான். காதால் கேட்டுப் பழகிய ஜெர்மன் கதைப்பேன். அவசரப் பிரிவில் அட்டையை வைத்தேன். என் பிறந்த திகதியை அவனுடையதாகச் சொன்னேன். நாக்கு தடுக்கவே இல்லை. கணினியில் என் பெயர் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் மகளைப் பார்க்க வந்த இடத்தில் சிறுநீரகக் கல்லோடு இதே ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறேன். யோகனைக் கட்டிலில் சாய்த்து, மணிக்கட்டில் பிளாஸ்டிக் பட்டி ஒன்றைக் கட்டினார்கள். அதில் அச்சடித்திருந்தது என் பெயர், அரசரத்தினம். எனக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் என் பெயரின் உருவம் தெரியும்.

நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். தாளில் கோடு ஓடியது. அதைப் பார்த்ததும் தாதியின் நடை மாறிவிட்டது. டொக்டர் வந்தார், போனார். தாதி என்னிடம் சொன்னாள்: "இருதயத்துக்குப் போகும் குழாய் ஒன்று அடைத்திருக்கிறது. இப்போதே உள்ளே கொண்டுபோகிறோம். குழாயில் ஒரு சாயம் ஏற்றிப் படம் எடுப்போம். திரு அரசரத்தினத்துக்கு இரண்டு வருடத்துக்கு முன் இங்கே அதே வகைச் சாயம் ஏற்றியிருக்கிறது. ஒரு பிரச்சினையும் வரவில்லை என்று பதிவில் இருக்கிறது. சரிதானே?"

சரி. எனக்கு ஏற்றினார்கள், உடம்பெல்லாம் ஒரு சூடு ஓடியது, அவ்வளவுதான்.

ஆனால் யோகனுக்கு? என் மனைவி உயிரோடு இருந்த காலத்தில் நடந்தது ஞாபகம் வந்தது. ஒரு ஞாயிறு மத்தியானம், நாங்கள் மீன் குழம்போடு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். யோகன் தொலைபேசியில் அமெரிக்க ஆஸ்பத்திரியைத் திட்டினான். வயிற்று வலிக்குப் படம் எடுக்கப் போனானாம். சாயம் ஏற்றிய இரண்டாம் நிமிடம் தொண்டை வீங்கி மூச்சு நின்றுவிட்டதாம். ஊசி போட்டுக் காப்பாற்றினார்களாம். "மூச்சை நிப்பாட்டினதுக்கு ஒரு பில், திரும்ப விட்டதுக்கு ஒரு பில்" என்று சொல்லிச் சிரித்தான். என் மனைவி சிரிக்கவில்லை, அழுதாள்.

தாதி ஒரு 'யா'வுக்காக, ஓம் என்ற பதிலுக்காக, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கட்டிலில் யோகன் கண்ணால் வேண்டாம் என்றான். அவனுக்கு ஜெர்மன் விளங்காது. நான் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்பது மட்டும் விளங்கியிருக்கிறது.

"இல்லை. அந்த மனுசன் நான். இது என் மனைவியின் தம்பி. இவருக்கு அந்தச் சாயம் கூடாது, தொண்டை வீங்கும்."

அவள் என்னைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள். ஒரு கணம்தான். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கத்தரிக்கோலை எடுத்து யோகனின் கையில் இருந்த பட்டியை வெட்டினாள். "உண்மையான பெயர்? பிறந்த திகதி? என்ன மருந்து குடிக்கிறார்? வேறு என்ன ஒவ்வாது?" என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் என்னிடம் இருந்தது. டொக்டரை அழைத்தாள். சாயத்துக்கு முன் வேறு ஊசிகள் போட்டார்கள். கட்டில் கதவுக்குள் போனது. காப்புறுதி இருக்கிறதா என்று அந்த நேரத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

எழுபது நிமிடம் வெளியே இருந்தேன். யாரும் தொடாத தண்ணீர்ப் போத்தல் ஒன்று பக்கத்தில் இருந்தது. அதன் நிறம்கூட ஞாபகம் இருக்கிறது. டொக்டர் வந்து, அடைப்பை எடுத்துக் குழாய்க்குள் ஒரு சுருள் வைத்தாயிற்று என்றார். அதற்குப் பிறகுதான் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். இன்னொருவருடைய அட்டையைக் கொடுப்பது குற்றம், இதை எழுதி வைக்கிறோம் என்று அங்கிருந்த அம்மா சொன்னார். யோகனின் நெஞ்சுக்கோடு என் பதிவுக்குள் போய்விட்டதாம், அதைத் தேடி எடுக்க வேண்டுமாம். இருபது நிமிடம் அவன் இருதயம் என் பெயரில் துடித்திருக்கிறது. காப்புறுதிக்காரர் பிறகு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினார்கள். வீட்டில் என் மகன் எனக்கு அதை இரண்டு தரம் வாசித்துக் காட்டினான், விளங்காததால் அல்ல, வெட்கப்படட்டும் என்று.

அன்று பின்னேரம் யோகன் கண் திறந்ததும் என்னை ஏசினான். "ஒரு சொல்லில என்னைத் தெருவுக்குக் கொண்டுவந்திட்டீங்க அத்தான்."

"தெருவுக்குத்தானே. சுடலைக்கு இல்லையே."

வேலை முடிந்து ஓடிவந்த வாசுகி இருவரையும் வெளியே தள்ளாத குறை. "ரெண்டு பேருக்கும் மூளை ஒண்டுதானோ, அதையும் மாத்தி மாத்திப் பாவிக்கிறீங்களோ?" என்றாள்.

ஐந்தாம் நாள் விட்டார்கள். பில் தவணையில் கட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். தொகையை இங்கே போட யோகன் அனுமதிக்கவில்லை. அமெரிக்காவில் இதற்கு வந்திருக்கக்கூடியதை விடக் குறைவு என்று மட்டும் சொல்லச் சொன்னான். வாசுகியின் மேசையில் சூப் குடித்துக்கொண்டிருக்கும்போது கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னான்:

"இது ரயிலில வந்ததில்லை அத்தான். அங்கேயே தொடங்கிட்டு. மூண்டு கிழமை. டொக்டரிட்டப் போனா முதல் ஆயிரங்கள் என்ர கையில இருந்து போகும். இந்தப் பயணம் முடியட்டும் எண்டு வந்திட்டன்."

விமான நிலையத்தில் அவன் பெட்டியை நிறுத்துப் பார்த்திருப்பார்கள். நெஞ்சுக்குள் கொண்டுவந்ததை யார் கேட்பது? அதற்குப் பிறகு நான் அவனோடு அமெரிக்காவைப் பற்றி வாதாடவில்லை. தன் நாட்டு டொக்டர்மார் திறம் என்று அவன் சொன்னது உண்மைதான். அவர்களிடம் போகப் பயந்ததும் அவன்தான்.

இனி வருபவர்களுக்கு. அமெரிக்காவில் இருந்தோ இலங்கையில் இருந்தோ உறவினர் வந்தால், டிக்கெட்டுக்கு முன் பயணக் காப்புறுதியைக் கேளுங்கள். அவர்கள் ஓம் என்றாலும் தாளைக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வாத மருந்துகளை ஒரு கடதாசியில் எழுதிச் சட்டைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். எல்லோருக்கும் என்னைப் போல் ஞாபகம் இருக்காது. நெஞ்சு நோவென்றால் 144ஐ அழையுங்கள், வாடகைக்கார் வேண்டாம். அட்டையை யாருக்கும் கொடுக்காதீர்கள். அது குளிர்ச்சட்டை இல்லை. அதற்குள் இருப்பது உங்கள் உடம்பு.

இங்கேயே இருப்பவர்களுக்கும் ஒன்று. மாதக் கட்டணம் குறையட்டும் என்று, வருடத்தில் முதல் இரண்டாயிரத்து ஐந்நூறு பிராங்கைத் தங்கள் கையால் கட்டச் சம்மதித்துக் கையெழுத்து வைத்தவர்கள் நம்மில் நிறையப் பேர். நவம்பர் முடிவதற்குள் அதை மாற்றலாம். ரெனானில் நான் இருக்கும் வீட்டில் என் மகனும் அப்படித்தான் வைத்திருக்கிறான். நாற்பத்தொரு வயது, ஒரு நாளும் டொக்டரிடம் போனதில்லை என்று அதைப் பெருமையாகச் சொல்லுவான். கூரில் இருந்து திரும்பிய அன்று, சப்பாத்தைக் கழற்றும் முன்பே அவனிடம் கேட்டேன்:

"தம்பி, உனக்கு எங்கயாவது நோகுதோ?"

"ஒண்டுமில்லையப்பா" என்றான், இடது தோளைத் தடவிக்கொண்டு.