கதவுக்கு ஒரு பூ

டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டுக்கும் புஷ்பராணி அக்கா வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அங்கே கத்தரிக்கோல் கீழே விழுந்தால் இங்கே கேட்கும். அக்காவுக்கு வயது அறுபத்தெட்டு. பூர்வீகம் யாழ்ப்பாணம், பிறந்தது புக்கிட் மெர்தாஜாம் ரயில்வே குவாட்டர்ஸில். ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் டைப் அடித்து ஓய்வு பெற்றவர். அவர் கணவர் பரமநாதன் அண்ணன் துறைமுகத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். நான் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்ட வேன்காரன். அரசாங்கத்திலிருந்து என்ன கடிதம் வந்தாலும் சுவரைத் தட்டுவேன். அண்ணன் வாசலுக்கு வந்து படித்துச் சொல்வார்.

வேலையை விட்ட பிறகு அக்கா காகிதப் பூ செய்யப் பழகினார். கைப்பேசியைப் பார்த்துத்தான் பழகினார். கிரேப் பேப்பரை நீளமாக வெட்டி, ஓரத்தைக் கட்டைவிரலால் இழுத்துச் சுருட்டி, கம்பியில் வைத்துக் கட்டி, பச்சை டேப் சுற்றினால் ஒரு பூ. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். காகிதம் சீக்கிரம் துவண்டுவிடும். அதற்காக மெழுகுவத்தியை உருக்கி அதில் பூவை ஒரு முக்கு முக்கி எடுப்பார். எதிர்வீட்டுச் சீனக் கிழவியிடம், பெருநாளுக்குப் பணம் வைத்துக் கொடுத்து மிஞ்சிய சிவப்பு அங்பாவ் உறைகளை வாங்கி மடித்து, அவருக்கே விளக்குக் கூடு செய்து கொடுப்பார். அக்கம்பக்கத்தில் யார் வீட்டு ஹாலில் பார்த்தாலும் அக்கா கை பட்டது ஒன்று தொங்கும்.

"கடையில பிளாஸ்டிக் பூ இருக்குலா அக்கா. அது வாடவே வாடாது," என்று என் மனைவி காமாரியா சீண்டுவாள்.

"வாடாத பூவை எத்தினை நாளைக்குப் பாத்துக்கொண்டு இருக்கிறது?" என்பார் அக்கா.

அப்படி இருந்த வீட்டில்தான் அண்ணனுக்கு மறதி நோய் வந்தது. முதலில் சாவியை மறந்தார். பிறகு என் பெயரை. பிறகு கழிவறை எந்தப் பக்கம் என்பதை. ஒரு நாள் அடுப்படி சிங்கில் போய் நின்றார், இன்னொரு நாள் செருப்பு வைக்கும் பலகையில். ஆள் உயரம், கனம். அக்காவுக்கோ இடுப்பு எலும்பில் தேய்மானம்.

மகன் நிருபன் கோலாலம்பூரில் வேலை செய்கிறான். நல்ல பையன். புக்கிட் மெர்தாஜாமில் முதியவர்களை வைத்துப் பார்க்கும் ஓர் இல்லத்தைப் பார்த்துவிட்டு வந்து, என்னையும் உட்கார வைத்துத்தான் பேசினான்.

"அம்மா, அப்பா என் பேரை மறக்கட்டும், என்னையே மறக்கட்டும். அதுக்காக நான் அனுப்ப மாட்டேன். ஆனா தானா டாய்லெட் போக முடியலன்னா உங்களால சமாளிக்க முடியாது."

"நான் செய்யிறன். இவ்வளவு காலமும் ஆர் செய்தது?"

"போன மாசம் அவரைத் தூக்கப் போய் நீங்களும் விழுந்தீங்க. ரஹீம் அங்கிள் வந்துதான் ரெண்டு பேரையும் தூக்கினாரு. இல்லையா அங்கிள்?"

உண்மைதான். நான் தரையைப் பார்த்தேன்.

"ஹரி ராயா லீவுக்கு வரேன்மா. அதுவரைக்கும் பாருங்க. அப்பா தானா போய் வந்தார்னா இங்கேயே இருக்கட்டும். இல்லேன்னா நான் சொல்றத நீங்க கேக்கணும்."

அக்கா சரி என்றார்.

அடுத்த நாளே கதவில் பெரிய எழுத்தில் 'டாய்லெட்' என்று எழுதி ஒட்டினார். அண்ணன் அதன் முன்னால் நின்று சத்தமாகப் படித்தார். எழுத்து நேராக இருக்கிறது என்று பாராட்டினார். பிறகு அடுப்படிக்குப் போனார்.

"எல்லாம் வாசிக்கிறார் தம்பி," என்று அக்கா என்னிடம் சொன்னார். "வாசிச்சது எங்க போகுதெண்டுதான் தெரியேல்லை."

அந்த வாரம் யாரோ கேட்டார்கள் என்று ஆரஞ்சு நிறத்தில் பெரிய பெரிய செவ்வந்திப் பூ செய்துகொண்டிருந்தார். பூவை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் அண்ணன் கண் கூடவே போயிற்று. எழுந்து வந்து தொட்டுப் பார்த்தார். அக்கா பூவை அவருக்கு முன்னால் பிடித்துக்கொண்டு பின்னோக்கியே நடந்தார். அண்ணன் பூவைப் பார்த்தபடி கழிவறை வரைக்கும் வந்துவிட்டார். அக்கா அதைக் கதவில், அவர் கண் உயரத்துக்குக் கட்டிவிட்டார்.

இரண்டு நாள் கழித்துச் சுவரைத் தட்டும் சத்தம்.

"தம்பி, தானா எழும்பிப் போய், தானா வந்திட்டார்."

காமாரியா சிரித்தாள். கழிவறையை அவள் ஜம்பான் என்பாள். "ஜம்பானுக்குப் போனதுக்கா இந்தக் கொண்டாட்டம்?"

"உனக்கென்ன பிள்ளை தெரியும்," என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. அக்காவும் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு படுக்கையறைக் கதவில் நீலப் பூ. வேறு எங்கேயும் ஆரஞ்சு இருக்கக் கூடாது என்று, வீட்டிலிருந்த ஆரஞ்சுத் துண்டு, ஆரஞ்சு வாளி, சோபா உறை எல்லாவற்றையும் எங்கள் வீட்டில் கொண்டுவந்து போட்டார். கழிவறைப் பக்கம் ஈரம் என்பதால் மெழுகில் முக்கியும் பூ நிற்கவில்லை. சாயம் இறங்கும். அண்ணன் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போவார். விரல் நுனி ஆரஞ்சாக இருந்தால் போய் வந்துவிட்டார் என்று அக்காவுக்குத் தெரியும். நைந்த பூவை மாற்ற வேண்டுமே என்று ஆரஞ்சில் மட்டும் ஒரு பெட்டி நிறையச் செய்து வைத்திருந்தார்.

இந்தச் சமயத்தில்தான் என் மகள் ஃபஸீலாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நஸீஹா என்று பெயர் வைத்தோம். என் முதல் பேத்தி. அவள் கொட்டாவி விடுகிற வீடியோவை நான் சிக்னலில் வேனை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்து, பச்சை விழுந்தது தெரியாமல் பின்னால் இருந்தவர்களிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். அவளுக்கு முடி இறக்கும் நாளை ராயா பெருநாள் லீவிலேயே வைத்துக்கொண்டோம்.

தொட்டில் அலங்காரத்தை அக்கா ஏற்றுக்கொண்டார். ரோஸும் வெள்ளையுமாகப் பூ. தொட்டில் கயிறு தெரியாத அளவுக்குக் கட்டினார். முதல் நாள் சாயந்திரம் எங்கள் ஹாலுக்கும் நடு அறைக்கும் இடையிலிருக்கும் வாசலில் தொட்டிலை நிறுத்திவிட்டு எல்லோரும் தள்ளி நின்று பார்த்தோம்.

"தொட்டில் அழகா இருக்குக்கா," என்றாள் காமாரியா. "மேல வாசக்கால்தான் மொட்டையா கெடக்கு."

ரோஸ் காகிதம் தீர்ந்துவிட்டது. ராயாவுக்குக் கடைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு வீட்டுக்குப் போய் அந்தப் பெட்டியை எடுத்து வந்தார்.

"இதைக் கட்டுவம். நாளைக்கு முடிஞ்ச உடனே கழட்டித் தாங்கோ. எனக்குத் தேவை."

வாசக்கால் முழுக்க ஆரஞ்சுப் பூ தொங்கியது. வீடே களைகட்டிவிட்டது. யாருக்கும் வேறு நினைப்பு வரவில்லை. அண்ணன் வீட்டை விட்டு வெளியே வந்து மாதக் கணக்காகியிருந்தது. இந்தப் பூவையும் அவரையும் சேர்த்து நினைக்க அக்காவுக்கே தோன்றவில்லை.

அன்றைக்கு ராத்திரி நிருபன் வந்து சேர்ந்தான். காலையில் நான் வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தபோது சிரித்த முகத்தோடு வந்தான்.

"நம்ப முடியல அங்கிள். தானா எழுந்து போறாரு. தண்ணி கூட ஊத்திட்டு வராரு."

"உங்கம்மா வேலைடா அது."

"நாளைக்கே அந்த இல்லத்துக்குப் போன் பண்ணி வேணாம்னு சொல்லிடறேன். அம்மாகிட்டயும் சொல்லிட்டேன்." பிறகு கேட்டான், "அப்பாவையும் விருந்துக்குக் கூட்டிட்டு வரலாமா? பாவம், எவ்வளவு நாளா உள்ளேயே கெடக்காரு."

"இதெல்லாம் கேக்கணுமா? கூட்டிட்டு வாப்பா."

அக்கா அண்ணனுக்குத் தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டு, கையைப் பிடித்து அழைத்து வந்தார். அக்கா அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. பட்டுச் சேலை கட்டியிருந்தார். அண்ணனை ஹாலில் நிருபன் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, அடுப்படியில் காமாரியாவுக்கு உதவப் போனார்.

மவுலூது ஓத ஆரம்பித்தார்கள். மருமகன் குழந்தையைத் தோளில் வைத்து, முடி நறுக்க ஒவ்வொருவரிடமாகக் கொண்டுபோனார். எல்லோரும் எழுந்து நின்று ஓதினார்கள். அண்ணனும் எழுந்தார். அவர் எழுந்ததில் யாரும் வித்தியாசம் பார்க்கவில்லை. நிருபன் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தான், நானும் அப்படித்தான். அண்ணன் நேராக நடந்து போய், கையை உயர்த்தி ஒரு பூவைத் தொட்டார். பிறகு தொட்டிலைப் பார்த்தபடி நின்று சிறுநீர் கழித்தார்.

ஓதுகிற சத்தம் ஒவ்வொரு ஆளாகக் குறைந்து நின்றது. குழந்தை தொட்டிலில் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஃபஸீலா அலறிவிட்டாள். வெள்ளைத் துணி, பூ, கீழே விரித்திருந்த பாய், எல்லாம் நனைந்து போனது. அண்ணன் முடித்துவிட்டு நிதானமாகப் பட்டனைப் போட்டார். கையைப் பார்த்தார். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்து மரியாதையாகக் கேட்டார்.

"கை கழுவத் தண்ணி எங்க?"

அக்கா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். தொட்டிலைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி வாசக்காலைத்தான் பார்த்தார்.

"அவர் சரியாத்தான் போனவர்," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "பூ இருந்த இடத்துக்குத்தானே போனவர்."

ஓத வந்த லெபை பெரிய மனுஷர். "தண்ணி ஊத்தினா சுத்தமாயிடும். பெரியவரை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க," என்றார். நானும் மருமகனும் பாயைச் சுருட்டி வெளியே எடுத்துப்போய் அலசினோம். நிருபன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். போகும்போது அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

சாயந்திரம் அக்கா என்னைக் கூப்பிட்டார். "நீங்க சொல்லுங்கோ தம்பி. நான் சொன்னா அவன் கேக்கிறான் இல்லை."

எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். அப்பா மேல் தப்பில்லை, பூ அங்கே தொங்கியதுதான் தப்பு, வீட்டுக்குள் இருந்தால் ஒழுங்காகத்தான் போகிறார் என்று சொன்னேன்.

நிருபன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் கூட எதிர்த்துப் பேசியிருக்கலாம்.

"தெரியும் அங்கிள். ஆனா அவருக்கு டாய்லெட் தெரியல. ஆரஞ்சுதான் தெரியுது. சீனப் பெருநாளைக்குத் தெரு பூரா ஆரஞ்சு. தீபாவளிக்கு வாசலுக்கு வாசல் ஆரஞ்சு. எத்தனை வீட்டுல போய்க் கழட்டுவீங்க? நாளைக்கு ஒரு ஸ்கூல் பிள்ளை ஆரஞ்சு பேக் மாட்டிட்டு நின்னா?"

"வெளியில கூட்டிக்கொண்டு போகமாட்டன்," என்றார் அக்கா. "கதவைப் பூட்டி வைச்சிருப்பன்."

"பூட்டி வைக்கத்தான் போறீங்கன்னா, அதை அங்க பார்த்துக்கிறவங்க செய்யட்டும்மா."

சொன்ன சொல்லைக் காப்பாற்றும்படி அவன் அம்மாவைக் கேட்டான். அக்கா எழுந்து போய் அண்ணன் சட்டைகளை எடுத்து மடித்தார்.

என் வேனில்தான் அண்ணனைக் கொண்டுபோனோம். தீவிலிருந்து அக்கரைக்குப் போகும் பாலத்தில் அண்ணன் கடலைப் பார்த்துக் கப்பல் எண்ணிக்கொண்டு வந்தார். இல்லத்தில் எல்லாக் கதவும் ஒரே வெள்ளை. அக்கா கைப்பையிலிருந்து ஒரு பூவை எடுத்து, அவர் போக வேண்டிய கதவில் கட்டலாமா என்று கேட்டார். பொறுப்பாக இருந்த அம்மா தன்மையாகத்தான் சொன்னார்.

"வேணாம் ஆண்ட்டி. மத்தவங்க பிச்சு வாயில போட்டுடுவாங்க. போன வருஷம் அப்படி ஆயிருக்கு."

அக்கா பூவைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் போனோம். அண்ணன் ஜன்னல் ஓரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். சட்டை சுத்தமாக இருந்தது, நகம் வெட்டியிருந்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. அக்காவைப் பார்த்து, "வாங்கோ, இருங்கோ," என்றார், வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சொல்வது மாதிரி. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவர் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அங்கே வேலை செய்யும் பெண் வந்தபோது கேட்டார், "பிள்ளை, இவர் டாய்லெட்டுக்குத் தானாப் போறாரோ?"

"அதெல்லாம் இப்போ தேவையில்ல ஆண்ட்டி. பேம்பர்ஸ் போட்டாச்சு. நாங்க மாத்திடுவோம்."

"எழும்பப் பாக்கிறாரோ?"

"ஆரம்பத்துல எந்திரிப்பாரு. எங்கயோ போகணும்னு கதவு கதவா தேடுவாரு. விழுந்துடுவாருன்னு பிடிச்சு உக்கார வைப்போம். இப்போ எந்திரிக்கிறதே இல்ல. ரொம்ப நல்ல பேஷண்ட்."

அக்கா தலையாட்டினார். கொண்டுவந்த இட்லியைப் பிட்டு ஊட்டினார். அண்ணன் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். நேரம் முடிந்தது என்று சொன்னதும் அக்கா எழுந்தார். அண்ணன் எழவில்லை.

திரும்பி வரும்போது பாலத்துக்கு முன்னால், பிறை என்ற ஊரில், லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டோம். வேன் நகரவே இல்லை. அக்கா கேட்டார்.

"பேத்தி கவிழத் தொடங்கிட்டாளோ?"

அன்று காலையில்தான் கவிழ்ந்திருந்தாள். காலையிலிருந்து யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று எனக்கு நாக்கு துடித்துக்கொண்டிருந்தது. அக்காவிடம் மட்டும் சொல்லக் கூடாது என்று அடக்கி வைத்திருந்தேன்.

"ஆமாக்கா. இன்னைக்குத்தான்."

"நல்லம்," என்றார். "இனி ஒரு இடத்தில இருக்க மாட்டாள். பிடிச்சு இருத்தாதேங்கோ."