ராகு காலம் முடிந்து திறந்த கார்டு

"அம்புட்டு தடவையும் தலையே விழுந்துருச்சு, அடுத்தது பூதான சார்?" என்று முன்பு என் கணக்கு வகுப்பில் நாணயம் சுண்டியபோது முருகேசன் கேட்டான். நாணயத்துக்கு ஞாபகம் கிடையாது என்று சொன்னேன்.

இன்று திருநகர் பஸ்ஸில் அவனைப் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது. மனைவியும் கூட இருந்தார்.

அவன் போனில் கார்டு விளையாட்டு. பணம் கட்டினால் மூடிய கார்டுக் கட்டு ஒன்று வரும். திறந்தால்தான் உள்ளே அபூர்வ கார்டா, சாதா கார்டா என்று தெரியும். கட்டிவிட்டுத் திறக்காமல் வைத்திருந்தான்.

"ராகு காலம் முடியட்டும் சார்."

"என் கண்ணாடிக்கு வச்சிருந்த காசு சார் அது," என்றார் மனைவி.

திருப்பரங்குன்றம் வந்தபோது ராகு காலம் முடிந்தது, திறந்தான். அவனிடம் ஏற்கெனவே இருக்கிற சாதா கார்டுதான் வந்தது.

"இம்புட்டு தடவை நல்ல கார்டே வரல, அடுத்தது வந்துரும்ல சார்?"

மறுபடி விளக்க எனக்குத் தெம்பில்லை.

நீங்களே ஒரு நாணயத்தைச் சுண்டிப் பாருங்கள். போன தடவை என்ன விழுந்தது என்று அதற்கு ஞாபகம் இருந்தால், எனக்கும் சொல்லுங்கள்.