செங்கோட்டை தாண்டினால் செல்லாத கையெழுத்து

பள்ளி மனநல ஆலோசகர் வேலையில், பிள்ளைக்குக் கஷ்டம் இருக்கிறது என்று நிரூபிப்பது சுலபம். அதைச் சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது என்று நிரூபிப்பதுதான் பெரும்பாடு. ஒரு மாநிலத்தில் தொழிலுக்குப் பதிவு செய்துவிட்டு இன்னொரு மாநிலத்தில் வாழ்க்கைப்பட்ட சகோதரிகளே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். நான் திருவனந்தபுரத்தில் படித்து, பதிவு செய்து, பாடமும் நடத்தியவள். கல்யாணமாகி ராமநாதபுரம் வந்தேன். பெரியபட்டினம் பக்கம் ஒரு பள்ளியில் வேலை.

எல்லை

பத்தாம் வகுப்பு சுமையாவிடம் வாயால் கேட்டால் எல்லாம் சொல்வாள். எழுதினால் எழுத்துகள் இடம் மாறிவிடும். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்காவிட்டால் அவள் படிப்பு அதோடு சரி. சோதித்து, கல்வி அலுவலகத்துக்கு அறிக்கை கொடுத்தேன். என் பதிவு கேரளாவாம். இரண்டு மாநிலமும் ஒப்பந்தம் போடும்வரை இங்கே செல்லாதாம். திரும்பி வந்துவிட்டது.

கடலுக்குப் போகும் அவள் வாப்பாவிடம் கூசிக்கொண்டே சொன்னேன். அவர் எனக்காக வருத்தப்பட்டார்.

"நாங்க எல்லை தாண்டுனா படகைப் புடிச்சுக்கிருவாய்ங்க மேடம். உங்ககிட்ட கையெழுத்தைப் புடிச்சுட்டாய்ங்களா?"

அதிகாரியின் யோசனை

அந்த அலுவலகத்துக்கு நேரில் போனேன். அதிகாரி நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுத்தார். "பிள்ளையைக் கேரளாவுக்குக் கூட்டிப்போய்ச் சோதித்தால் செல்லுமா?" என்று எரிச்சலில் கேட்டுவிட்டேன். அவர் அதை நிஜமாகவே யோசித்தார்.

"செல்லும்மா. ஆனா கஷ்டம் அங்கன இருந்துச்சுன்னுதான் ஆகும். இங்கன வந்தப்புறமும் இருக்குன்னு யாரு கையெழுத்துப் போடுறது?"

வாசலில் ப்யூன் ஆறுதல் சொன்னார்.

"ஏர்வாடி தர்காவுக்கு மனசு சரியில்லன்னு எம்புட்டுக் கேரளாக்காரவுக வாராக. ஒப்பந்தம் இருந்தாத்தான் ஓதுவோம்னா சொல்றாக?"

செல்லும் கையெழுத்து

கடைசியில் திருவாடானையில் இங்கே பதிவுள்ள ஒருத்தி அகப்பட்டாள். போய்ப் பார்த்தால், கேரளாவில் என்னிடம் படித்த பிரியா! படிப்பு முடிந்ததும் சொந்த ஊர் வந்து இங்கேயே பதிவு செய்திருக்கிறாள். சுமையாவை முறைப்படி மறுபடி சோதித்தாள். நான் சொல்லிக்கொடுத்த அதே சோதனை, அதே முடிவு. எனக்கு ரோஷமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. கையெழுத்துப் போடும் முன் அறிக்கையை என்னிடம் நீட்டினாள்.

"சரியா எழுதியிருக்கேனான்னு பாத்துச் சொல்லுங்க மேடம், பயமா இருக்கு."

கூடுதல் நேரம்

கூடுதல் நேரம் கிடைத்தது, சுமையா தேறிவிட்டாள். மிட்டாயோடு ஓடி வந்தவளைக் கட்டிக்கொண்டேன். "உங்க ஒப்பந்தம் வந்துருச்சா மேடம்?" என்றாள். இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்களாம் என்றேன். அவளுக்குப் பாவமாகப் போய்விட்டது.

"அவுகளுக்கும் எழுத்து இடம் மாறுதோ என்னமோ. எக்ஸ்ட்ரா டைம் குடுங்க மேடம், முடிச்சுருவாக."

கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறேன், நம் தொழிலில் பொறுமை ஒன்றுதான் பதிவே இல்லாமல் எல்லா மாநிலத்திலும் செல்கிறது.