கறுப்புச் சோபாவின் பள்ளம்

விமான நிலையத்திலிருந்து அஜின்கோர்ட்டில் இருந்த மச்சான் வீட்டுக்கு முப்பது கிலோமீற்றர் சொச்சம். நயாகராவைக் காட்டுவான் என்று நம்பி ரொறன்ரோ வந்த என்னை, மச்சான் சுதன் மறுநாளே தன் வேலைக்கு இழுத்துக்கொண்டு போனான். அவனுக்குத் தொழில் பொருட்களை முப்பரிமாணப் படம் எடுப்பது. சாதாரணக் கமராதான், ஆனால் புரொஜெக்டரால் பொருளின் மேல் வெள்ளை வரிகளை விழுத்துவான். மேடு பள்ளங்களில் வரிகள் வளையும். அந்த வளைவைக் கணக்குப் பார்த்துக் கணினி ஆழத்தைச் சொல்லிவிடும்.

போனது இரண்டு தெரு தள்ளியிருந்த பரமேஸ் அன்ரி வீட்டுக்கு. அவர் கணவரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி போன கிழமைதான் முடிந்திருந்தது. வீட்டை விற்றாயிற்று, மறுநாள் அஜக்ஸ் நகரில் மகனோடு போய் இருக்கப்போகிறார். அங்கே அறை சிறிது. அங்கிள் வருடக்கணக்காகச் சாய்ந்திருந்த கறுப்புத் தோல் சோபா காலையில் குப்பைக்குப் போகும்.

"அவர் இருந்து இருந்து விழுந்த பள்ளத்தை மட்டும் படம் எடுத்துத் தா, தம்பி," என்றார் அன்ரி.

பட்டப்பகலில் திரைச்சீலைகளை இழுத்து மூடினோம். சோபாவில் வரிகள் விழுந்தன. மடிக்கணினியில் சுவர் வந்தது, மேசை வந்தது. அங்கிள் இருந்த இடத்தில் மட்டும் கிழித்தெடுத்தது போல ஓர் ஓட்டை.

"கறுப்பு, மினுக்கம் வேற. வெளிச்சம் சரியாத் திரும்பி வராது," என்றான் சுதன். "வெள்ளைப் பவுடர் தூவவேணும். நான் கொண்டு வரேல்லை."

அன்ரி சாமியறையிலிருந்து திருநீற்றோடு வந்தார். சோபாவின் சாய்மானத்தில், தலை படும் இடத்தில், மூன்று விரலால் பட்டையாகப் பூசினார்.

"ஐயோ அன்ரி, பூசாதேங்கோ. பரவலாத் தூவுங்கோ."

"பழக்கம், தம்பி." அழித்துவிட்டுத் தூவினார்.

இம்முறை பள்ளம் வந்தது. முதுகு, இடுப்பு, தொடை எல்லாம் தெளிவாக. சுதன் படத்தைச் சுழற்றிப் பின்பக்கத்தைக் காட்டினான். பின்னாலிருந்து பார்த்தால் பள்ளம் மேடாகிவிடும் என்பது எனக்கும் விளங்கியது. விளங்கி என்ன? சாம்பல் நிறத்தில் ஒரு மனிதர் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி இருந்தார். பயந்துபோனேன்.

அன்ரி குனிந்தார். "உது அவர்தான். இடப்பக்கம் சரிஞ்சுதான் இருப்பார்." பிறகு மெதுவாக, "இஞ்சால திருப்பு, தம்பி. முகத்தைப் பாப்பம்."

சுதனின் விரல் அசையவில்லை. "திருப்பினா திரும்பப் பள்ளம்தான் வரும், அன்ரி."

அன்ரி நிமிர்ந்தார்.

"அப்ப திருப்பாத. இருக்கட்டும்."

ஊர் திரும்பிய விமானம் நின்று, நான் எழுந்தபோது என் இருக்கையைத் திரும்பிப் பார்த்தேன். மெத்தை மெல்ல மேலெழுந்து சமமாகிக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் இருப்பவை பிளாஸ்டிக் கதிரைகள். யார் எழுந்து போனாலும் அவற்றில் ஒன்றும் தெரியாது.