சுவரைப் பார்த்த நாற்காலி

பரவை மார்க்கெட்டைத் தாண்டும்போது அது நடந்தது. ஸ்கூட்டரில் நான் முன்னால், மனைவி பின்னால். வலப்பக்கம் வண்டியை ஒடித்தேன். அவள் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்த அதே நொடியில், பின்னாலிருந்து வந்த பேருந்து ஒன்று என் முழங்கையை உரசாத குறையாகக் கடந்தது. படியில் நின்ற நடத்துநர் கத்தினார்: "யோவ் பெருசு, வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?"

சொல்ல வேண்டிய ஆள் என் பின்னால்தான் இருக்கிறாள் என்று விளக்க எனக்கு மூச்சு இல்லை.

ஓரமாக நிறுத்தினேன். அவள் இறங்கி முன்னால் வந்து நின்றாள்.

"எம்புட்டு நேரமா ஹாரன் அடிச்சான்! உங்களுக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு."

"கேட்டும் திரும்புனீங்கன்னா அது இன்னும் மோசம்."

மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். விடையை விட, விட்டுப்போன படியைத்தான் முதலில் பார்ப்பாள். வீடு வரை நடக்கிற வேகத்தில் ஊர்ந்தோம். வாசலில் சாவியை உருவி, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு எடுத்துப்போகும் பையில் போட்டுக்கொண்டாள்.

"காதை டெஸ்ட் பண்ணாம வண்டி கிடையாது."

தெரிந்த டாக்டர் ஒருவரிடம் சான்றிதழ் வாங்கி வருகிறேன் என்றேன். எந்தக் காகிதத்தை எந்த மேசையில், எத்தனை மணிக்கு நீட்டினால் கையெழுத்தாகும் என்பது கல்வித் துறையில் நான் முப்பது வருடம் கற்ற வித்தை.

"எனக்குக் காது வேணும். காகிதம் வேணாம்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் கண்ணாடி ஜன்னல் வைத்த சிறிய அறை ஒன்றில் என்னை உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டினாள் ஒரு இளம்பெண். என் கையில் ஒரு பட்டன்.

"சத்தம் எம்புட்டுச் சின்னதா கேட்டாலும் அமுக்குங்க ஐயா. கேக்கலைன்னா சும்மா இருங்க."

கதவை மூடினாள். முதலில் இரண்டு மூன்று சத்தங்கள் வந்தன. பிறகு எதுவும் வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் ஒரு வரைபடத்தில் எதையோ குறித்துக்கொண்டே இருந்தாள். இந்த அறையை விட்டு வெளியே போகும்போது சாவி என்னுடையதா இல்லையா என்பது முடிவாகிவிடும்.

அப்போதுதான் அவள் முழங்கையைக் கவனித்தேன். ஒவ்வொரு முறை சத்தத்தை அனுப்பும்போதும் அது இம்மி உயர்ந்தது. அதற்குப் பிறகு எனக்குக் காதே தேவைப்படவில்லை. முழங்கை உயர, நான் அமுக்கினேன். சந்தேகம் வராதிருக்க நடுவில் இரண்டை விட்டும் வைத்தேன்.

அடுத்து, வாயைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டு மைக்கில் சொற்களை வாசித்தாள். நான் திருப்பிச் சொல்ல வேண்டும். பாதிக்கு மேல் முழித்தேன். அவள் வரைபடத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தாள்.

"ஐயா என்ன வேலை பாத்தீங்க?"

"கல்வித் துறை. பரீட்சை நேரத்துல பறக்கும் படை."

அவள் சிரிக்கவில்லை. "நாற்காலியைச் சுவத்தைப் பாத்துத் திருப்பிப் போட்டுக்கங்க ஐயா. இன்னொருக்கா பாப்போம்."

காப்பியடித்தவனிடம் நானும் கத்தியதில்லை. இடம் மாறி உட்காரச் சொல்வேன். அந்தப் பையன்களின் காது ஏன் அப்படிச் சிவந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சுவரைப் பார்த்து உட்கார்ந்தபோது என் மூச்சு மட்டுமே கேட்டது. இரண்டாவது வரைபடத்தில் இரண்டு காதுகளின் கோடுகளும் கீழே இறங்கியிருந்தன.

டாக்டர் வரைபடத்தை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். கண்ணுக்குக் கீழ் வீக்கம், தடித்த குரல். குளிருகிறதா என்று கேட்டார். நான் வாய் திறக்கும் முன் மனைவி முந்திக்கொண்டாள்: "சித்திரை வெயில்ல ஃபேனை அணைங்கறாரு டாக்டர்."

ரத்தப் பரிசோதனையில் தைராய்டு மிகவும் குறைவாகச் சுரப்பது தெரிந்தது. அதனாலும் காது மந்தமாகலாம், வயதும் சேர்ந்திருக்கலாம், மாத்திரை போட்டுத்தான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர்.

"திரும்ப வருமா?"

"கொஞ்சம் வரலாம். வராமலும் போகலாம்."

அரசு ஆணை கூட இதைவிடத் தெளிவாக இருக்கும். ஆனாலும் கீழ்ப்படிந்தேன். வெறும் வயிற்றில் மாத்திரை, காபிக்கு ஒரு மணி நேரம் காத்திருப்பு. மனைவி கடிகாரத்தைப் பார்த்துத்தான் டிகாக்ஷன் இறக்கினாள். சில மாதங்களில் குளிர் போனது, முகம் வடிந்தது, ரத்தத்தில் அளவு சரியானது. காதைப் பற்றி மட்டும் இருவரும் பேசவில்லை.

மறுபடி அதே அறை. அந்தப் பெண் சொல்வதற்குள் நாற்காலியை நானே சுவர்ப் பக்கம் திருப்பினேன். வலது காதில் மெல்லிய சத்தங்கள் வந்தன, அமுக்கினேன். இடது காதில் நீண்ட நேரம் ஒன்றுமில்லை. கட்டைவிரல் துடித்தது. அமுக்கவில்லை.

வலது நன்றாகத் தேறியிருக்கிறது, இடதுக்கு மிஷின் வைக்க வேண்டும் என்றார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் மனைவி நின்றாள். "திரும்பாதீங்க" என்றாள். என் முதுகுக்குப் பின்னால் பையைத் திறந்து சாவியைக் குலுக்கினாள். எதிரே ஒரு கடையின் கண்ணாடிக் கதவில் அவள் உருவம் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

"ரெண்டு தடவை" என்றேன்.

"மூணு."

சாவி பைக்குள் விழுந்தது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

"மிஷினை மாட்டிட்டு வாங்க, மறுபடி பாப்போம்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவுக்குக் கை காட்டினாள். ஏறும்போது என் வலப்பக்கமாக வந்து உட்கார்ந்தாள்.